ஹார்ட் டிஸ்க் சாகும் விதங்கள்

"நேற்று வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று போய்விட்டது." பழுதான ஹார்ட் டிஸ்க்கை என்னிடம் கொண்டுவந்து தருபவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது இதுதான். கொஞ்சம் கிளறிக் கேட்டால் கதை மாறும். சில வாரங்களாகவே கம்ப்யூட்டர் ஆன் ஆக ரொம்ப நேரம் பிடித்திருக்கும். குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் ஹேங் ஆகியிருக்கும். நடுவில் ஒருநாள் நீலத் திரை வந்து, ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகியிருக்கும். அந்தச் "சரியாகிவிட்டது"தான் எல்லாவற்றையும் மறக்க வைத்துவிடுகிறது.

நான் டேட்டா ரெக்கவரி தொழில் செய்பவன் இல்லை. கம்ப்யூட்டரோடு நீண்ட காலமாகப் புழங்குவதால், சொந்தக்காரர்கள், நண்பர்கள் வட்டத்தில் இந்த வேலை என் தலையில் விழுந்துவிட்டது. என்னுடைய டிஸ்க்குகளும் செத்திருக்கின்றன, மற்றவர்களுடையதும் என் மேஜைமேல் செத்திருக்கின்றன. இத்தனையும் பார்த்தபின், சாகாத டிஸ்க் எது என்று தேடுவதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. அது எந்த விதமாகச் சாகிறது என்று கவனிப்பதில்தான் பிரயோஜனம் இருக்கிறது. உள்ளே இருப்பது திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பதெல்லாம் பெரும்பாலும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

சத்தம் போட்டுச் சாவது ஒரு விதம். என் பழைய டெஸ்க்டாப்பில் இருந்த டிஸ்க் ஒன்று இப்படித்தான் போனது. ஆன் செய்ததும் கிளிக், கிளிக், கிளிக் என்று ஒரே சீரான சத்தம். கொஞ்ச நேரத்தில் மோட்டார் அடங்கும். மறுபடி சுழல ஆரம்பிக்கும், மறுபடி கிளிக். ஏதோ உடைந்து உரசுகிறது என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இருக்காது. டிஸ்க்குக்குள் சுழலும் தட்டுகளின் மேல், டேட்டாவைப் படித்து எழுதும் ஹெட் இப்போது எந்தத் தடத்தில் இருக்கிறது என்று அதற்குச் சொல்வதற்காக சர்வோ குறிகள் எழுதப்பட்டிருக்கும். தொழிற்சாலையிலேயே எழுதி அனுப்பிவிடுவார்கள். ஹெட்டால் அவற்றைப் படிக்க முடியாமல் போனால், அதைத் தாங்கும் கை ஒரு முனைக்கு வந்து முட்டி, மறுபடி முதலிலிருந்து தேடும். அந்த முட்டல்தான் நாம் கேட்கும் கிளிக்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கரண்ட்டை நிறுத்துவது. இன்னொரு தடவை ஆன் செய்து பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். 7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் தட்டு விநாடிக்கு 120 தடவை சுற்றுகிறது. 3.5 அங்குல டிஸ்க்கின் விளிம்பு கிட்டத்தட்ட மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஹெட் அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில், 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தும் மொத்தம் 50 லட்சம் எழுத்துகள்தான் கொள்ளும். அதில் ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி சுமார் 20 மைக்ரான். அன்றிலிருந்து இன்றைக்கு அந்த இடைவெளி ஆயிரக்கணக்கான மடங்கு குறுகியிருக்கிறது. அடிபட்ட ஹெட்டோடு இந்த வேகத்தில் சுழற்றினால், தட்டின் மேல் இருக்கும் காந்தப் பூச்சு சுரண்டப்பட்டுத் தூளாகும், அந்தத் தூள் மற்ற ஹெட்டுகளையும் கெடுக்கும். ஹெட் மட்டும் போயிருந்தால், தூசியில்லா அறையில் திறந்து, அதே மாடல் டிஸ்க்கிலிருந்து ஹெட் மாற்றி, டேட்டாவை எடுக்கும் தொழில்காரர்கள் இருக்கிறார்கள். பூச்சே சுரண்டப்பட்ட இடத்தில் இருந்ததை யாராலும் எடுக்க முடியாது.

இந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர் "ஃப்ரீஸர்ல வச்சுப் பாரேன்" என்பார். இந்த வைத்தியம் முழுக்க கட்டுக்கதை இல்லை. அந்தக் காலத்து டிஸ்க்குகளில், கரண்ட் நின்றதும் ஹெட் தட்டின் மேலேயே இறங்கி உட்காரும். சில சமயம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், மோட்டாரால் சுழற்ற முடியாது. குளிரில் உலோகம் சுருங்கும்போது அந்த ஒட்டு விட்ட கதைகள் உண்டு. இப்போதைய டிஸ்க்குகளில் ஹெட் தட்டுக்கு வெளியே ஒரு சரிவில் ஏறி நிற்கிறது, அதனால் அந்த வகை ஒட்டலே அபூர்வம். ஃப்ரீஸரில் வைத்தெடுத்தால் மிஞ்சுவது தட்டின் மேல் வேர்க்கும் ஈரம்தான். ஆனாலும் இந்த வைத்தியத்தைச் சொல்பவர்கள் குறையவில்லை, சொல்லும்போது அவர்கள் முகத்தில் இருக்கும் நம்பிக்கையும் குறையவில்லை.

டிஸ்க் சத்தம் போடுவது மட்டுமில்லை, சத்தத்துக்கு அசரவும் செய்யும். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த பிரெண்டன் கிரெக், டிஸ்க்குகள் அடுக்கிய ஒரு சர்வரின் முன் நின்று உரக்கக் கத்தினார். கத்திய அந்த நொடிகளில் மட்டும் டிஸ்க்குகள் பதில் தரும் நேரம் எகிறியதை வரைபடத்தில் காட்டும் வீடியோ ஒன்று வெளிவந்தது. அதிர்வில் ஹெட் தடம் விலகுகிறது, அடுத்த சுற்று வரைக்கும் காத்திருந்து மறுபடி முயல்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் இருக்கிற மேஜையை யாராவது தட்டினால் எனக்குக் கோபம் வருவதற்கு இப்போது ஓர் ஆதாரம் இருக்கிறது.

இரண்டாவது விதம், மெதுவாகிச் சாவது. நான் அதிகம் பார்த்தது இதைத்தான், மீட்க அதிக வாய்ப்புள்ளதும் இதுதான். கெடுப்பதற்கும் இதில்தான் வழிகள் அதிகம்.

சித்தப்பாவின் லேப்டாப் ஒருநாள் வந்தது. பல வருஷத்துப் போட்டோக்கள், ஸ்கேன் செய்த பழைய கடிதங்கள், அவர் எழுதி வந்த குடும்ப வரலாறு, எல்லாம் அதில்தான். "ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா, வைரஸா இருக்கும்" என்றார். ஆன்டி வைரஸ் போட்டு முழு ஸ்கேன் ஓடவிட்டிருக்கிறார், பாதியில் நின்றுவிட்டது. ஒரு போட்டோவைத் திறந்தால் விளக்கு அணையாமல் எரிகிறது, அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் படம் வருகிறது. வைரஸ் இப்படி நடந்துகொள்ளாது. ஒரு செக்டரை, அதாவது தட்டில் டேட்டா எழுதப்படும் ஒரு சின்னத் துண்டை, படிக்க முடியாமல் டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும்போதுதான் இப்படி ஆகும்.

டிஸ்க்குக்குள்ளேயே ஸ்மார்ட் என்று ஒரு சுயபரிசோதனைக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதைப் படித்துக் காட்ட இலவச மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. அவற்றின் மேல்பகுதியில் பெரிதாக, பச்சை நிறத்தில் "நலம்" என்று ஒரு முடிவு வரும். அதை நான் பார்ப்பதே இல்லை. சித்தப்பா டிஸ்க்கும் "நலம்" என்றுதான் சொன்னது. கீழே இறங்கி, 5, 187, 188, 197, 198 என்ற எண்களுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 5 என்பது, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். அந்த இடத்தில் மறுபடி ஏதாவது எழுதும்போதுதான், அது நல்ல செக்டரா, ஒதுக்கித் தள்ள வேண்டியதா என்று டிஸ்க் முடிவெடுக்கும். சித்தப்பா டிஸ்க்கில் 197க்கு எதிரே நூறைத் தாண்டிய எண் இருந்தது, அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது இன்னும் கூடியிருந்தது. எண் எவ்வளவு என்பதைவிட, அது கூடிக்கொண்டே போகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

இந்த நிலையில் விண்டோஸ் ரொம்ப உதவியாக ஒன்று சொல்லும்: டிரைவில் பிழை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா? சரி என்று சொல்லி, அதற்கான செக்டிஸ்க் என்ற கருவியை ஓடவிட்டால், தடுமாறிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை முழுக்கப் படிக்கச் சொல்லி அடிப்பதோடு, ஃபைல் அட்டவணையையும் தன் இஷ்டத்துக்குத் திருத்தி எழுதிவிடும். அது ஃபைல் அமைப்பின் நலனைப் பார்க்கிறது, நம் ஃபைல்களின் நலனை இல்லை. போட்டோக்களை ஒவ்வொன்றாக இழுத்து பென் டிரைவில் போடுவதும் நல்ல வழி இல்லை. ஒரு கெட்ட ஃபைலில் மாட்டிக்கொண்டால் அங்கேயே முட்டி மோதி, மிச்சம் இருக்கிற ஆயுளைத் தீர்த்துவிடும்.

நான் லேப்டாப்பிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, லினக்ஸ் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, க்னூ டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓடவிட்டேன். அது ஃபைல், ஃபோல்டர் எதையும் பார்க்காது. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுக்கும். அதன் சாமர்த்தியம் வரிசையில் இருக்கிறது. முதல் சுற்றில், சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களை மட்டும் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடும். நல்லது எல்லாம் கைக்கு வந்தபிறகு, விட்ட இடங்களுக்குத் திரும்பி ஓரங்களைச் சுரண்டும். எதைப் படித்தோம், எதை விட்டோம் என்று ஒரு வரைபட ஃபைலில் குறித்துவைப்பதால், நடுவில் நிறுத்திவிட்டு அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கிடம் இதைவிட மரியாதையாக நடந்துகொள்ளும் மென்பொருளை நான் பார்த்ததில்லை.

சித்தப்பா தினமும் போன் செய்தார்.

"என்னப்பா, எவ்வளவு நேரம் ஆகும்?"

"சொல்ல முடியாது சித்தப்பா. முக்கால்வாசி சீக்கிரம் வந்துடும், மிச்சம்தான் இழுக்கும்."

"நான் வந்து பாக்கட்டுமா?"

"வாங்க, ஆனா மேஜைல கை வைக்காதீங்க."

கடைசியில் மிகச் சிறிய ஒரு பகுதியைத் தவிர எல்லாம் வந்துவிட்டது. அந்தப் பகுதியில் இருந்தவை பெரும்பாலும் விண்டோஸின் சொந்த ஃபைல்கள், கூடவே சில போட்டோக்கள். போன போட்டோக்களில் இரண்டு வேறு யாரிடமோ வாட்ஸப்பில் இருந்தன. சித்தப்பாவுக்கு அதில் பரம திருப்தி. எனக்கு அந்த லேப்டாப் இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புதான்.

அந்த ஒரு வாரம் என்பது வெறும் பயம் இல்லை. 2007இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ மூவரும், தங்கள் கம்பெனியில் ஓடிய 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது தெரியும் பிழை) ஒன்று முதல் தடவையாகத் தென்பட்ட டிஸ்க், அதற்கடுத்த 60 நாட்களில் சாவதற்கான வாய்ப்பு, பிழையே காட்டாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்று அதில் வந்தது. முதல் அறிகுறிக்கு அவ்வளவு கனம் உண்டு.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பாதி இருக்கிறது, அது சங்கடமானது. செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே செத்திருந்தன. ஆன்லைன் பேக்கப் தொழில் செய்யும் பேக்பிளேஸ் நிறுவனம் 2016இல் சொன்ன கணக்கு கொஞ்சம் ஆறுதலானது: மேலே சொன்ன ஐந்து எண்களில் ஒன்றாவது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தது, செத்தவற்றில் 76.7 சதவீதம், ஓடிக்கொண்டிருப்பவற்றில் 4.2 சதவீதம். அப்போதும் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவானவை சொல்லாமல் கொள்ளாமல்தான் போயிருக்கின்றன. அதாவது, ஸ்மார்ட் மோசம் என்றால் நம்பலாம், நலம் என்றால் நம்ப முடியாது.

சூடு பற்றியும் ஒன்று. டிஸ்க்குக்குக் காற்றாடி போடு, சூடானால் செத்துப்போகும் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். கூகுள் ஆய்வில், ரொம்ப அதிகச் சூட்டையும் வயதான டிஸ்க்குகளையும் தவிர்த்தால், சூடு கூடியதால் சாவு கூடியதாகத் தெரியவில்லை. ரொம்பக் குளிராக வைத்திருந்தவைதான் கொஞ்சம் அதிகமாகச் செத்தன. ஆனாலும் காற்றாடியை நான் கழற்றவில்லை. பழகிவிட்டது.

அதே 2007இல் பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் இருவரும், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து, வெவ்வேறு இடங்களில் ஓடிய சுமார் 1 லட்சம் டிஸ்க்குகளைப் பார்த்து எழுதினார்கள். டிஸ்க் பெட்டியோடு வரும் தாளில், சராசரியாக 10 லட்சம் மணி நேரத்துக்கு ஒரு பழுது என்று போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் 114 வருஷம். அந்தத் தாளை நம்பினால் வருஷத்துக்கு அதிகபட்சம் 0.88 சதவீத டிஸ்க்குகள்தான் போக வேண்டும். இவர்கள் பார்த்ததில் 2 முதல் 4 சதவீதம் சாதாரணம், சில இடங்களில் 13 சதவீதம் வரை மாற்றியிருக்கிறார்கள். 114 வருஷம் என்பது ஒரு டிஸ்க்கின் ஆயுள் இல்லை, கூட்டத்தை வைத்துச் செய்த வகுத்தல் கணக்கு. இப்போது நிலைமை மேம்பட்டிருக்கிறது. சுமார் 3 லட்சம் டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸில் 2024இல் செத்தவை 1.57 சதவீதம்.

இந்த எண்கள் அவர்களுக்கு ரொம்ப உபயோகமானவை. அடுத்த வருஷம் எத்தனை டிஸ்க் வாங்கிவைக்க வேண்டும், மாற்றுவதற்கு எத்தனை ஆள் வேண்டும் என்று அவர்கள் திட்டமிடலாம். என் வீட்டில் ஓடும் டிஸ்க்கில் 1.57 சதவீதம் சாகாது. அது ஓடும், அல்லது ஓடாது. கூட்டத்தின் நம்பகத்தன்மையை என் ஒற்றை டிஸ்க்கின் குணமாக நினைத்துக்கொள்வதில்தான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது. கம்பெனிச் சண்டையும் அப்படித்தான். "அந்தக் கம்பெனி டிஸ்க் ரெண்டு வாங்கினேன், ரெண்டும் போச்சு, இனி ஜென்மத்துக்கும் வாங்க மாட்டேன்" என்று என் அண்ணன் சொல்வான். அவன் நண்பர் அதே கம்பெனி டிஸ்க்கைத்தான் பத்து வருஷமாக ஓட்டுகிறார், அவர் மற்ற கம்பெனியைத் திட்டுவார். இருவர் அனுபவமும் உண்மை. இரண்டிலிருந்தும் எதையும் முடிவுசெய்ய முடியாது.

மோசமான மாடல்கள் வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கின்றன. 2000இல் வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி, கண்ணாடித் தட்டுகளோடு வந்து, டெத்ஸ்டார் என்று பட்டப்பெயர் வாங்கி, 2001இல் வழக்கு வரை போனது. அப்புறம் 2009 தொடக்கத்தில் பரபரப்பான சீகேட் பாராகுடா 7200.11. அதில் கெட்டது தட்டோ ஹெட்டோ இல்லை, டிஸ்க்குக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர். உள்ளே எழுதிவரும் ஒரு பதிவேடு குறிப்பிட்ட ஓர் எண்ணைத் தொட்ட நிலையில் கரண்ட்டை நிறுத்திப் போட்டால், டிஸ்க் எழுந்திருக்காது, கம்ப்யூட்டருக்குக் கண்ணிலேயே படாது. உள்ளே அத்தனை டேட்டாவும் முழுசாக இருக்கும், எட்டத்தான் முடியாது. இரண்டும் பெரிய கம்பெனிகளின் டிஸ்க்குகள். மோசமாக இருந்தது ஒரு மாடல். அதே கம்பெனிகள் அதற்கு முன்னும் பின்னும் அருமையான டிஸ்க்குகளைச் செய்திருக்கின்றன. ஒரு மாடல் மோசம் என்று கூட்டத்தின் கணக்கில் தெரியவரும்போது, பெரும்பாலும் அது கடையில் கிடைக்காமல் போயிருக்கும்.

செத்ததுபோல் நடிப்பவையும் உண்டு. இவை வந்தால் எனக்குக் கொண்டாட்டம். ஒரு நண்பரின் டிஸ்க் அடிக்கடி காணாமல் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஸ்மார்ட் கணக்கில் 5, 197 எல்லாம் பூஜ்யம், 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில், போகிற வழியில் டேட்டா கெடுவதைக் காட்டும் எண். சாட்டா கேபிளை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. இன்னொருவர் வாங்கிய புது டிஸ்க், பழைய டெஸ்க்டாப்பில் மாட்டினால் சுழலவே இல்லை. கடைக்குத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்துவிட்டார். புது சாட்டா முறைப்படி செய்த சில டிஸ்க்குகளில், பவர் இணைப்பின் மூன்றாவது பின்னுக்கு 3.3 வோல்ட் வந்தால் "அணைந்து இரு" என்று அர்த்தம். கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பழசாக இருந்தால், அந்தப் பின்னுக்கு எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தப் பின்னை டேப்பால் மறைத்ததும் டிஸ்க் சமர்த்தாக எழுந்து ஓடியது.

யுஎஸ்பி டிஸ்க்குகளில் முன்பெல்லாம், பெட்டிக்குள் இருக்கும் சின்னப் போர்டு மட்டும் போயிருந்தால், டிஸ்க்கைக் கழற்றி நேரடியாக மாட்டிவிடலாம். இப்போது பல கையடக்க டிஸ்க்குகளில் யுஎஸ்பி இணைப்பை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். சிலவற்றில் டேட்டா அந்தப் போர்டு வழியாகப் பூட்டப்பட்டே (என்கிரிப்ட் செய்யப்பட்டே) தட்டில் எழுதப்படுகிறது. "அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் போதும்" என்ற பழைய வைத்தியமும் இப்போது பலிப்பதில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய நுணுக்கமான அளவுகள் அதன் போர்டில் இருக்கும் ஒரு சிப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சிப்பையும் எடுத்துப் புதுப் போர்டில் பற்றவைத்தாக வேண்டும்.

ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியத்தில் ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல் ஓட்டும் ஏற்பாடு, போடுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் நான்கு டிஸ்க் போட்டு ரெய்டு 5 வைத்திருந்தார்கள். ஒன்று போனால் மற்ற மூன்றும் சேர்ந்து அதை ஈடுகட்டும். ஒன்று போனது. புதிதாக ஒன்றைப் போட்டு, மறுபடி கட்டியெழுப்ப விட்டார்கள். அந்த வேலைக்கு மிச்சமிருக்கும் மூன்றையும் ஓர் இடம் விடாமல் முழுக்கப் படித்தாக வேண்டும். வருஷக்கணக்காக யாரும் தொடாத மூலைகளும் அதில் அடக்கம். பாதி வழியில் இரண்டாவது டிஸ்க் பிழை காட்டியது, எல்லாம் நின்றது. நான்கும் ஒரே நாளில் வாங்கிய, ஒரே மாடல், வரிசை எண்கள்கூட அடுத்தடுத்து இருந்தன. ஒரே பெட்டியில், ஒரே சூட்டில், ஒரே வேலையைச் செய்து ஒன்றாகவே கிழடாகியிருந்தன. முந்தைய வாரத்து பேக்கப் ஒன்று வேறு கம்ப்யூட்டரில் இருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள்.

ரெய்டு என்ற யோசனையை 1988இல் கட்டுரையாக எழுதிய மூவரில், பேட்டர்சன், காட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய மூன்றாமவர் மேலே சொன்ன அதே கார்த் கிப்சன். டிஸ்க் சாவுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நடப்பதில்லை, ஒன்று போனபின் அடுத்தது சீக்கிரம் போகும் போக்கு இருக்கிறது என்று 2007 ஆய்வில் காட்டியவர்களில் அவரும் ஒருவர். தான் சொன்ன யோசனையின் பலவீனத்தைத் தானே அளந்து காட்டும் ஆட்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரெய்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காமல் ஓட அது உதவும். ஃபைலைத் தவறுதலாக அழித்தால், நான்கு டிஸ்க்கிலிருந்தும் ஒரே நேரத்தில், மிகவும் நம்பகமாக அழித்துக் கொடுக்கும்.

இனி எஸ்எஸ்டி, டேட்டாவைச் சிப்களில் சேமிக்கும் டிரைவ். சுழலும் தட்டு இல்லை, ஹெட் இல்லை, கீழே போட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. என் அன்றாட வேலை முழுக்க இப்போது அதில்தான், பழைய டிஸ்க்குக்குத் திரும்பும் எண்ணமே இல்லை. ஆனால் அது சாகும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என்னுடைய ஒன்று, நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதே போனது. திரை நின்றது, ரீஸ்டார்ட் செய்தேன், பயோஸில் அப்படி ஒரு டிரைவே இல்லை. கிளிக் சத்தம் இல்லை, மெதுவானது இல்லை, முந்தைய நாள் ஸ்மார்ட் கணக்கில் ஒரு குறையும் இல்லை. அன்றைய காலை வரைக்கும் எல்லாம் வேறு இடத்தில் இருந்ததால் இழப்பு ஒன்றும் பெரிதில்லை. ஆனால் சித்தப்பா லேப்டாப்பில் செய்ததுபோல் பேச்சுவார்த்தை நடத்த அங்கே எதுவுமே இல்லை. அந்தச் சிப்களை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் போனால், சிப்களைக் கழற்றிப் படித்தாலும், பல எஸ்எஸ்டிகளில் டேட்டா பூட்டப்பட்ட நிலையில்தான் இருக்கும்.

ஃபர்ம்வேர் தகராறு இங்கேயும் உண்டு. 2019 நவம்பரில் ஹெச்பி எண்டர்பிரைஸ் ஓர் எச்சரிக்கை விட்டது: தங்கள் சர்வர்களில் போகும் சில எஸ்எஸ்டி மாடல்கள், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், உடனே ஃபர்ம்வேரை மாற்றுங்கள். அது 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வரும், இரண்டின் 15ஆவது அடுக்கு. ரெய்டில் ஒன்றாகப் போட்டு, ஒன்றாக ஆன் செய்தவை ஒன்றாகவே சாகும். முன்கூட்டியே எச்சரித்தது நல்லதாகப் போயிற்று.

இன்னொன்று, பேக்கப் எடுத்து அலமாரியில் வருஷக்கணக்கில் போட்டுவைக்க எஸ்எஸ்டியை நான் வைத்துக்கொள்வதில்லை. மின்னூட்டமாகச் சேமித்தது கரண்ட் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும். எழுதும் ஆயுளை முழுக்கத் தீர்த்துவிட்ட சாதாரண எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரி சூட்டில் ஒரு வருஷம் டேட்டாவை வைத்திருந்தால் போதும் என்பதுதான் ஜெடெக் தரநிர்ணயம் கேட்பது. புது எஸ்எஸ்டி அதைவிட அதிக காலம் தாங்கும், சரி. ஆனாலும் அலமாரிக்கு எனக்கு சுழலும் டிஸ்க்தான்.

இதுவரை சொன்னவற்றில் டிஸ்க் செத்தது தெரியவாவது செய்தது. என்னை நிஜமாகக் கலங்கடித்தது வேறொன்று. பழைய போட்டோக்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, சிலவற்றில் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். டிஸ்க்கில் எந்தக் குறையும் இல்லை, பேக்கப்பிலும் அதே பாதிச் சாம்பல். கெட்ட ஃபைலைத்தான் ஒழுங்காகப் பிரதியெடுத்து வைத்திருக்கிறது. தேடிப் பார்த்ததில் குற்றவாளி டிஸ்க்கே இல்லை, முன்பு வைத்திருந்த கம்ப்யூட்டரில் கோளாறான ரேம். ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, நடுவழியில் அங்கங்கே சில பிட்களை அது மாற்றிவிட்டிருக்கிறது. ஓய்வு கொடுத்து ஓரமாக வைத்திருந்த ஒரு பழைய டிஸ்க்கில் நல்ல பிரதிகள் கிடைத்தன. அன்றிலிருந்து போட்டோக்களுக்கு, ஃபைல் மாறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க உதவும் செக்சம் எண்ணைப் போட்டு வைக்கிறேன். பேக்கப் டிஸ்க்குகளை இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பில் வைத்து மாதம் ஒருமுறை ஸ்கிரப் ஓடவிடுகிறேன். அது ஒவ்வொரு பிளாக்கையும் படித்து, எழுதியபோது இருந்ததுதானா என்று சரிபார்க்கும். அந்த ஸ்கிரப், யாரும் தொடாத மூலைகளையும் படித்துவிடுவதால், கெட்ட செக்டர்களும் முன்கூட்டியே மாட்டும்.

இப்போது என் ஏற்பாடு சிக்கலானதெல்லாம் இல்லை. வேலை செய்யும் எஸ்எஸ்டி ஒன்று. வீட்டில் இரண்டு சுழலும் டிஸ்க்குகள், வேறு வேறு கம்பெனி, வேறு வேறு மாதத்தில் வாங்கியவை. பேக்கப் ஓடும் நேரம் தவிர ஒன்று கழற்றியே இருக்கும். முக்கியமானவை மட்டும் பூட்டிய நிலையில் ஆன்லைனில். புது டிஸ்க் வந்தால், முதலில் முழுக்க எழுதி, முழுக்கப் படித்துப் பார்த்த பிறகே உள்ளே சேர்ப்பேன். பெரிய டிஸ்க்காக இருந்தால் இதற்கே ஓரிரு நாள் ஆகும், ஆகட்டும். அவ்வப்போது பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபோல்டரை நிஜமாகவே மீட்டுப் பார்க்கிறேன். வாரண்டித் தாளை டிஸ்க் விலைக்கான தாளாக மட்டும் பார்க்கிறேன். ஐந்து வருஷ வாரண்டி என்றால் ஐந்து வருஷத்துக்குள் செத்தால் வேறொரு காலி டிஸ்க் தருவார்கள்.

அந்தக் கும்பலில் இன்னும் ஒன்று இருக்கிறது. ஸ்மார்ட் கணக்கில் 5க்கு எதிரே 8 என்று காட்டும் பழைய 1 டெராபைட் டிஸ்க். அந்த 8 வந்த மாதமே அதை முக்கிய வேலையிலிருந்து எடுத்துவிட்டேன், சீக்கிரம் போய்விடும் என்று நினைத்தேன். வருஷங்கள் ஆகின்றன, 8 எட்டாகவே இருக்கிறது. அதற்குப் பின் வாங்கிய புதுசு ஒன்று, எல்லா எண்ணும் பூஜ்யமாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டது. டவுன்லோடு செய்கிறவற்றை, அழிந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடியவற்றை மட்டும் அந்த 8இல் போடுகிறேன். "இன்னுமாடா அதை வச்சிருக்கே?" என்று அண்ணன் கேட்பான். ஓடுகிறது, அண்ணா. ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்.